எரிச்சல் பயனின் அளவுகோல் அன்று

முகச்சுருக்கத்தைக் குறைப்பதற்காக ரெட்டினால் பூசுவோரிடையே, தோல் எரிந்து சிவந்து உரிந்தால்தான் மருந்து வேலை செய்கிறது என்றும், எரிச்சல் தராத பூச்சு காசுக்குப் பிடித்த கேடு என்றும் ஒரு நம்பிக்கை வேரூன்றியிருக்கிறது. பக்கவிளைவையே பயனின் சான்றாக்கும் இந்நம்பிக்கை, மருந்தின் செயல்முறைக்கும் ஆய்வு முடிவுகளுக்கும் ஒருங்கே முரணானது.

வைட்டமின் ஏ-யின் ஒரு வடிவமான ரெட்டினால், தோலின் செல்களுக்குள் முதலில் ரெட்டினால்டிஹைடாகவும் பின்னர் ரெட்டினாயிக் அமிலமாகவும் மாறி, உட்கருவிலுள்ள ஏற்பிகளுடன், அதாவது குறிப்பிட்ட மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் வல்ல புரதங்களுடன், இணைந்த பிறகே செயல்படத் தொடங்குகிறது. அவ்வமிலத்தின் தூண்டுதலால் மேல்தோல் செல்கள் விரைந்து பெருக, தோலின் காப்புத்திறன் தற்காலிகமாகக் குலைவதால், முதல் சில வாரங்களில் மூக்கோரமும் வாயோரமும் சிவந்து செதில் உரிகின்றன. சுருக்கத்தைக் குறைக்கும் கொலாஜன் என்னும் நார்ப்புரதமோ, மேல்தோலுக்கு அடியிலுள்ள உள்தோலில் மாதக்கணக்கில் உருவாவது. ஓர் அடுக்கில் சில நாள்களில் உரியும் செதிலைக் கொண்டு, வேறோர் அடுக்கில் மெல்ல நிகழும் மாற்றத்தை அளக்க இயலாது. கடுமையான சோப்பும் தோலை எரித்து உரிக்கத்தான் செய்கிறது. அதனால் எவருடைய சுருக்கமும் மறைந்ததில்லை.

பருவுக்கு மருந்தாக இருந்த டிரெட்டினாயின், அதாவது புறப்பூச்சாகத் தரப்படும் ரெட்டினாயிக் அமிலம், வெயிலால் மூப்படைந்த தோலையும் சீராக்குவதாக பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தின் ஆல்பர்ட் கிளிக்மன் குழுவினர் 1986இல் அறிவித்தனர். அப்பலன் எரிச்சலால் விளைந்ததா என்ற ஐயத்துக்கு, 1995இல் கிரிஃபித்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வு தெளிவான விடை தந்தது. 48 வாரங்கள் நீடித்து 99 பேர் நிறைவுசெய்த அவ்வாய்வில், 0.1 விழுக்காட்டு டிரெட்டினாயினும் அதில் நான்கில் ஒரு பங்கான 0.025 விழுக்காடும் ஏறத்தாழ ஒரே அளவு முன்னேற்றத்தைத் தந்தன. மேல்தோலின் தடிமன் முறையே 30, 28 விழுக்காடு கூடியது. எரிச்சல் மட்டும் செறிவு மிகுந்த பூச்சில் வெகுவாக அதிகரித்தது. எரிச்சலே பயனுக்குக் காரணமெனில், எரிச்சல் ஏறியபோது பயனும் ஏறியிருக்க வேண்டும்.

தொடக்கத்தில் இலேசான வறட்சியும் உரிதலும் பலருக்கு வருவது உண்மையே. ஆனால் அது பொறுத்துக் கடக்க வேண்டிய தொல்லையேயன்றி, விரும்பித் தேட வேண்டிய இலக்கன்று. அதைத் தேடுவோர், உரியவில்லை என்று செறிவைக் கூட்டுகின்றனர். தாங்கவியலாதபோது, பலன் தோன்றுவதற்கு முன்பே பூச்சைக் கைவிடுகின்றனர். மாநிறமும் கருநிறமும் கொண்டோருக்கு இழப்பு இன்னும் பெரிது. அவர்களுடைய தோலில் அழற்சி தணிந்த இடங்களில் மெலனின் என்னும் நிறமி எளிதில் மிகுந்து கரும்புள்ளிகளாகப் படிய, அவற்றை மூப்பின் புள்ளிகளெனக் கருதி மேலும் பூசுவதால் கருமை முற்றுகிறது.

மிகாத செறிவில், இரவில் பட்டாணியளவு எடுத்து, வாரத்துக்கு இரண்டு மூன்று நாள் என்று தொடங்கித் தோலின் தாங்குதிறனுக்கேற்பக் கூட்டி, பகலில் சன்ஸ்கிரீன் தவறாமல் பூசி, கருவுற்ற காலத்தில் அறவே தவிர்த்து மாதக்கணக்கில் தொடர்வதே இம்மருந்தைப் பயன்படுத்தும் முறை. சுருக்கம் குறைந்ததா என்பதை அத்தனை மாதங்களுக்குப் பின் சுருக்கத்தைப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும். முதல் வாரத்து எரிச்சலுக்கு அத்தீர்ப்பை வழங்கும் தகுதி இல்லை.