அட்டை வந்துவிட்டது, சோதனை எங்கே?

ஆறரை ஆண்டு அரசியல் இழுபறிக்குப் பிறகு, 2025 ஏப்ரலில் தில்லி அரசு ஆயுஷ்மான் பாரத் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்தது. 2018ல் தொடங்கிய இத்திட்டம் ஏழைக் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை மருத்துவமனைச் செலவை ஏற்கிறது. தில்லி அரசு தன் பங்காக மேலும் 5 லட்சம் தருகிறது.

புற்றுநோயாளிக்கு இது சாதாரண உதவியல்ல. 2024ல் லான்செட் குழும இதழ் ஒன்றில் வெளியான ஆய்வின்படி, திட்டத்தில் சேர்ந்தவர்களுக்கு நோய் கண்டறிந்த 30 நாட்களுக்குள் சிகிச்சை தொடங்கும் வாய்ப்பு 90 சதவீதம் உயர்ந்தது. பெருமைப்பட வேண்டிய விஷயம்தான். ஆனால் அந்தக் கணக்கு நோய் தெரிந்த நாளிலிருந்துதான் ஓடுகிறது. நோய் இருப்பதே தெரியாதவர்கள் அதில் வரமாட்டார்கள்.

சோதனை எந்த அளவில் நடக்கிறது? 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், 30 முதல் 49 வயது வரையிலான இந்தியப் பெண்களில் 1.9 சதவீதம் பேரே எப்போதாவது கருப்பைவாய்ப் புற்றுநோய் சோதனை செய்துகொண்டவர்கள். மார்பகச் சோதனை ஒரு சதவீதத்தைக்கூட எட்டவில்லை. முன்னணியில் இருந்த தமிழ்நாட்டிலேயே கருப்பைவாய்ச் சோதனை 10 சதவீதத்தைத் தொடவில்லை.

இதற்குப் பெரிய இயந்திரம் ஏதும் வேண்டாம். திண்டுக்கல் மாவட்டக் கிராமங்களில் பயிற்சி பெற்ற நர்சுகள் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவி, கண்ணால் பார்த்தே சோதித்தார்கள். ஒரே ஒரு சுற்றுச் சோதனையில் கருப்பைவாய்ப் புற்றுநோய் மரணங்கள் 35 சதவீதம் குறைந்தன. 2007லேயே வெளியான முடிவு இது.

அரசின் விதிமுறையும் இருக்கிறது. 30 வயதைக் கடந்தவர்களுக்கு வாய், மார்பகம், கருப்பைவாய் சோதனை செய்யவேண்டும் என்று 2016லேயே சொல்லியாகிவிட்டது. சிக்கல் பணம் பாயும் திசையில் இருக்கிறது. காப்பீடு, படுக்கையில் சேர்ந்த நோயாளிக்கானது. சேர்வதற்கு முந்தைய 3 நாள் பரிசோதனைச் செலவைத்தான் ஏற்கும். சிகிச்சைக்கு பில் போட்டால் மருத்துவமனைக்குப் பணம் வரும். சோதனை செய்யாமல் விட்டால் யாருக்கும் நஷ்டமில்லை, அந்தப் பெண்ணைத் தவிர. அமெரிக்காவில் 2010ம் ஆண்டுச் சட்டம், பரிந்துரைக்கப்பட்ட புற்றுநோய் சோதனைகளைக் கட்டணமின்றித் தரும்படி காப்பீட்டு நிறுவனங்களையே கட்டாயப்படுத்தியது.

தில்லியில் இன்னொரு முடிச்சும் உண்டு. 2025 ஜூன் 1 அன்று ஜங்புராவின் மதராஸி கேம்ப் இடிக்கப்பட்டது. சுமார் 370 வீடுகளில் எல்லாக் குடும்பங்களுக்கும் நகரின் வடகோடியில் உள்ள நரேலாவில் மாற்று வீட்டுக்குத் தகுதி கிடைக்கவில்லை. அக்கம்பக்கத்து வீடுகளில் வேலை செய்து பிழைத்த தமிழ்ப் பெண்கள் பலர் சிதறிப்போனார்கள். இப்படி வீடு மாறினால் காப்பீட்டு அட்டை கூடவே வரும். வீடுவீடாக வந்து சோதனைக்கு அழைக்கவேண்டிய ஆஷா பணியாளர் வரமாட்டார். அவர் ஒரு பகுதிக்கு உரியவர். உடம்பில் வலியில்லாதபோது ஒருநாள் கூலியை விட்டுவிட்டு யாரும் தானாக வரிசையில் நிற்கப் போவதில்லை.

செய்யக்கூடியது எளிது. அட்டை பதிவு செய்யும் இடத்திலேயே ஒரு நர்சும் திரைபோட்ட அறையும் இருக்கட்டும். சோதனைக்கும், சந்தேகம் எழுந்தால் எடுக்கவேண்டிய திசுப் பரிசோதனைக்கும் அதே அட்டை பணம் கொடுக்கட்டும். முற்றிய நோய்க்கு லட்சக்கணக்கில் கொடுக்கத் தயாராக இருக்கும் அரசு, நோய் முற்றாமல் தடுக்கச் சில நூறு ரூபாய் கொடுக்க ஏன் யோசிக்க வேண்டும்?