ஒப்புக்கொண்ட கூலி நியாயமான கூலி ஆகுமா?

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., இயற்பியல்)

உழைப்புக்கு உரிய கூலியை யார் நிர்ணயிப்பது? இந்தக் கேள்விக்கு நம்மிடையே பழகிப்போன விடை ஒன்று உண்டு. "கொடுப்பவர் சொன்னார், வாங்குபவர் சம்மதித்தார், இதில் மூன்றாமவர் தலையிட என்ன இருக்கிறது?" என்பதே அந்த விடை. வயல் வரப்பிலும், பட்டறையிலும், ஜவுளிக் கடையிலும், இன்று கைபேசிச் செயலி வழியே நடக்கும் வேலைகளிலும் இந்த விடைதான் ஆட்சி செய்கிறது. இதை ஆராய்ந்து, இது சரியன்று எனக் காரணத்தோடு மறுத்த ஒரு சிந்தனை மரபைப் பற்றி இங்கே எழுத விரும்புகிறேன். அதுதான் கத்தோலிக்கத் திருச்சபையின் சமூகப் போதனை.

"அரசுக் கல்லூரி மலரில் மதப் பிரசாரமா?" என்று நண்பர்கள் ஐயுற வேண்டாம். நான் கத்தோலிக்கன் அல்லன். போப்பாண்டவர் உலகத் திருச்சபைக்கு எழுதும் கடிதத்தைச் சுற்றுமடல் என்பர். 1963-ல் போப் இருபத்துமூன்றாம் ஜான் உலக அமைதி பற்றி எழுதிய சுற்றுமடலை நல்லெண்ணம் கொண்ட எல்லா மக்களுக்கும் சேர்த்தே எழுதினார். நமக்கும் எழுதப்பட்ட கடிதத்தைப் படித்துப் பார்ப்பதும், ஏற்கத் தக்கதை ஏற்பதும், தகாததை மறுப்பதும் நம் உரிமையன்றோ!

மடல் பிறந்த சூழ்நிலை

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பாவின் தொழிற்சாலைகள் செல்வத்தைக் குவித்தன. அச்செல்வத்தை உண்டாக்கியவர்களோ நெரிசலான குடியிருப்புகளில் வறுமையோடு போராடினர். சிறுவர்கள்கூட எந்திரங்களின் நடுவே வேலை செய்தனர். சங்கம் அமைத்தால் தண்டனை என்ற நிலை பல நாடுகளில் இருந்தது. 1848-ல் மார்க்சும் எங்கெல்சும் பொதுவுடைமைக் கட்சி அறிக்கையை வெளியிட்டனர். 1864-ல் ஜெர்மனியின் மைன்ஸ் நகர ஆயர் கெட்டலர் தொழிலாளர் பிரச்சினையைப் பற்றித் தனி நூலே எழுதினார்.

1889-ல் லண்டன் துறைமுகத் தொழிலாளர்கள் மணிக்கு 6 பென்ஸ் கூலி கேட்டு வேலைநிறுத்தம் செய்தனர். அவர்களுள் அயர்லாந்திலிருந்து வந்த ஏழைக் கத்தோலிக்கர் பலர். அப்போது 81 வயதான கர்தினால் மேனிங் இரு தரப்பாரிடமும் பேசி உடன்பாடு காண உதவினார். தொழிலாளர் கேட்ட 6 பென்ஸ் கிடைத்தது. இந்நிகழ்ச்சி நடந்து இரண்டு ஆண்டுகள் ஆவதற்குள், 1891 மே 15-ஆம் நாள், போப் பதின்மூன்றாம் லியோ 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். 'புதியவற்றைப் பற்றி' என்பது அந்த இலத்தீன் சொற்களின் பொருள். நவீன உலகின் கூலிப் பிரச்சினையை ஒரு போப் முழு மடலாக எடுத்துப் பேசியது அதுவே முதன்முறை.

உழைப்பின் இரு தன்மைகள்

அம்மடலின் உயிர்நாடி என்று நான் கருதுவது ஒரு தர்க்கம். அது பின்வருமாறு செல்கிறது.

உழைப்புக்கு இரு தன்மைகள் உண்டு. முதலாவது, அது உழைப்பவருக்குச் சொந்தமானது. என் கை, என் வலிமை, என் நேரம். அவற்றை நான் விரும்பிய விலைக்குக் கொடுக்கலாம். இரண்டாவது, அது அவசியமானது. உழைத்தால்தான் உணவு; உணவு உண்டால்தான் உயிர். முதல் தன்மை மட்டுமே இருந்திருந்தால், ஒப்புக்கொண்ட கூலி எதுவானாலும் அது நியாயக் கூலிதான்.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். ஓய்வூதியம் பெறும் ஒருவர் மாலைப் பொழுதைக் கழிக்கக் கோயில் நந்தவனத்துக்கு நீர் பாய்ச்சுகிறார். அவருக்கு 10 ரூபாய் கொடுத்தாலும் ஒன்றுமே கொடுக்காவிட்டாலும் அங்கே அநீதி இல்லை. பிடிக்காவிட்டால் அவர் நாளை வரமாட்டார், அவ்வளவுதான். அதே வேலையை, அன்றைய கூலியில் அரிசி வாங்கினால்தான் அடுப்பு எரியும் என்ற நிலையிலுள்ள ஒருவர் செய்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அவரும் 10 ரூபாய்க்குத் தலையாட்டக் கூடும். ஆனால் அந்தத் தலையை ஆட்டுவது பசி. வேறு வழியில்லாமல், இதைவிடப் பெரிய துன்பம் வந்துவிடுமோ என்ற அச்சத்தால் ஒரு தொழிலாளி மோசமான நிபந்தனையை ஏற்றால், அவர் வன்முறைக்கும் அநீதிக்கும் ஆளானவர் என்று லியோ முடிவு கூறினார். ஒப்பந்தத்துக்கு முன்னதாகவும் அதற்கு மேலாகவும் இயற்கை நீதி ஒன்று உண்டு. சிக்கனமாக வாழும் தொழிலாளி தன்னைக் காத்துக்கொள்ளப் போதாத கூலி அந்த நீதிக்குப் புறம்பானது என்றார். 1931-ல் போப் பதினோராம் பயஸ் எழுதிய சுற்றுமடல், தொழிலாளியின் குடும்பத்தையும் சேர்த்தே கணக்கிட வேண்டும் என்றது.

"கூலியை உயர்த்தினால் தொழில் நொடித்துப் போகாதா?" என்ற கேள்வி எழலாம். 1931-ஆம் ஆண்டின் மடல் இதை ஒதுக்கிவிடவில்லை. தொழிலின் நிலையையும் பொதுநலனையும் கணக்கில் கொள்ள வேண்டும் என்று ஒப்புக்கொள்கிறது. ஆனால் நிர்வாகத்தின் திறமையின்மையால் வரும் நட்டத்தைத் தொழிலாளியின் தலையில் கட்டக்கூடாது என்கிறது. அதற்கு மேலும் ஒரு படி செல்கிறது. பொருளின் விலையை அநியாயமாகக் குறைக்கச் சொல்லித் தொழிலை நெருக்குபவர்கள், உழைப்பாளியின் கூலியைப் பறித்த பழிக்கு ஆளாகிறார்கள் என்கிறது. பேரம் பேசி வாங்குவதையே சாமர்த்தியம் என்று எண்ணும் நாமும் சற்று நின்று யோசிக்க வேண்டிய இடம் இது.

இரு முகாம்களுக்கும் கசப்பு

இப்போதனை எந்த முகாமுக்கும் முழுத் திருப்தி தருவதில்லை. சொத்துரிமையை அது காக்கிறது. வர்க்கப் போரை மறுக்கிறது. ஆகவே இடதுசாரிகள் இதை முதலாளிகளுக்கு முட்டுக் கொடுக்கும் ஏற்பாடு என்றனர். சொத்தின் பயன் எல்லாருக்கும் உரியது என்கிறது. சங்கம் சேரும் உரிமை இயற்கை உரிமை என்கிறது. ஆகவே செல்வர்கள் முகம் சுளித்தனர்.

இதன் உரைகல்லாகப் போலந்து நாட்டைக் கூறலாம். தொழிலாளர் ஆட்சி என்று பெயர் சூட்டிக்கொண்ட அந்நாட்டில், 1980 ஆகஸ்டில் க்டான்ஸ்க் நகரின் லெனின் கப்பல் கட்டும் தளத்தில் வேலைநிறுத்தம் மூண்டது. ஓய்வு பெறச் சில மாதங்களே இருந்த பளுதூக்கி இயக்குநர் அன்னா வலென்டினோவிச் என்ற பெண் வேலையிலிருந்து நீக்கப்பட்டதே உடனடிக் காரணம். 'ஒருமைப்பாடு' என்னும் பொருள்படும் 'சாலிடாரிட்டி' சங்கம் அங்கே பிறந்தது. மறு ஆண்டு செப்டம்பரில் போலந்து நாட்டவரான போப் இரண்டாம் ஜான் பால், மனித உழைப்பைப் பற்றியே ஒரு சுற்றுமடல் எழுதினார். ஜெர்மானியர் ஆக்கிரமிப்புக் காலத்தில் கல்குவாரியிலும் ரசாயனத் தொழிற்சாலையிலும் வேலை செய்தவர் அவர். மூலதனத்தைவிட உழைப்பே முதன்மையானது என்பது அம்மடலின் சாரம். முதலாளி தனி மனிதராக இருந்தாலும் அரசாகவே இருந்தாலும் இவ்விதி மாறாது. 1981 டிசம்பரில் அங்கு இராணுவச் சட்டம் வந்தது, சங்கம் ஒடுக்கப்பட்டது. ஆயினும் 1989 ஜூன் தேர்தலில் அச்சங்கத்தாரே வென்றனர்.

ஒரு குருவும் ஐந்து இளைஞரும்

"மடல் எழுதுவது எளிது, நடைமுறையில் ஏதேனும் உண்டா?" என்று கேட்போர்க்கு ஸ்பெயின் நாட்டின் பாஸ்க் பகுதியிலுள்ள மொன்ட்ரகோன் ஊரைக் காட்டலாம். உள்நாட்டுப் போரால் நொந்து கிடந்த அவ்வூருக்கு 1941-ல் அரிஸ்மென்டியாரியெட்டா என்ற இளம் குருவானவர் வந்தார். 1943-ல் தொழிற்பள்ளி ஒன்றைத் தொடங்கி, சமூகப் போதனையையும் சேர்த்துக் கற்பித்தார். அவரிடம் பயின்ற ஐந்து இளைஞர்கள் 1956-ல் அடுப்புகள் செய்யும் சிறு தொழிற்சாலையைத் தொடங்கினர். அங்கே உழைப்பவர்களே உரிமையாளர்கள்; ஆளுக்கு ஒரு வாக்கு. தொடக்கக் காலத்தில் மிகக் குறைந்த ஊதியத்தைப் போல மூன்று மடங்குக்கு மேல் எவருக்கும் ஊதியம் இல்லை. 1959-ல் தமக்கென ஒரு வங்கியும் கண்டனர். இன்று அது பல கூட்டுறவுகள் சேர்ந்த பெரும் நிறுவனமாக விளங்குகிறது. அங்கும் இடர்ப்பாடு இல்லாமல் இல்லை. ஊதிய விகிதம் பின்னர் தளர்ந்தது. 2013-ல் அதன் வீட்டு உபயோகப் பொருள் தொழிற்சாலை திவாலாயிற்று. ஆனால் வேலையிழந்தவர்களுள் பலருக்கு மற்றக் கூட்டுறவுகள் இடம் கொடுத்தன. தோல்வியிலும் மனிதனைத் தெருவில் விடாத ஏற்பாட்டை நான் வெற்றி என்றே கொள்வேன்.

குறைகளும் உண்டு

நடுநிலையோடு பார்த்தால் இம்மரபின் குறைகளையும் சொல்லவேண்டும். பொதுவுடைமை அறிக்கை வெளிவந்து 43 ஆண்டுகள் கழித்தே முதல் மடல் வந்தது. அது ஆணையே உழைப்பாளியாகக் கண்டது. பெண்ணுக்கு இயல்பானது வீட்டு வேலை என்றது. நாற்று நட்டும் களை எடுத்தும் தாய்மார் கொண்டுவந்த கூலியும் சேர்ந்தல்லவா என் போன்றோரைக் குடும்பத்தின் முதல் பட்டதாரியாகக் கல்லூரி வாசலில் நிறுத்தியிருக்கிறது! அந்தக் கருத்தை நான் ஏற்க இயலாது.

மற்றொன்று, சொல்லுக்கும் செயலுக்கும் உள்ள தூரம். நீதியைப் பற்றிப் பிறருக்குப் பேச முன்வருவோர் முதலில் தாம் நீதியுள்ளவராகத் தோன்ற வேண்டும் என்று 1971-ல் ரோமில் கூடிய ஆயர் மாமன்றமே அறிவித்தது. கத்தோலிக்கரோ பிறரோ, சமயத்தின் பெயரால் பள்ளியும் மருத்துவமனையும் நடத்துவோர் அனைவரும் தம் ஊதியப் பதிவேட்டை இந்த வாக்கியத்தின் அருகில் வைத்துப் பார்க்கட்டும்.

நம் நாட்டில், நம் வளாகத்தில்

இத்தர்க்கம் நமக்கு அந்நியமானதன்று. நம் அரசியல் சட்டத்தின் 43-ஆவது பிரிவு, வாழ்வதற்குப் போதிய கூலியையும் கண்ணியமான வாழ்க்கைத் தரத்தையும் ஓய்வையும் தொழிலாளர்க்குக் கிடைக்கச் செய்ய அரசு முயல வேண்டும் என்கிறது. வழிகாட்டு நெறியாதலால் இதை நீதிமன்றத்தில் கேட்டுப் பெற முடியாது. ஆனால் 1982-ல், டில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிக்காகக் கட்டட வேலை செய்த தொழிலாளர்களின் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒரு சிறந்த தீர்ப்பு அளித்தது. குறைந்தபட்சக் கூலிக்கும் கீழே வேலை வாங்குவது, 23-ஆவது பிரிவு தடை செய்யும் கட்டாய உழைப்பே என்றது. கட்டாயம் என்பது சவுக்கால் மட்டும் வருவதன்று. பசியும் வறுமையும்கூடக் கட்டாயம்தான் என்று நீதிபதி பகவதி விளக்கினார். 1891-ல் ரோமிலும் 1982-ல் டில்லியிலும் வெவ்வேறு பாதைகளில் வந்தவர்கள் ஒரே முடிவில் சந்தித்திருக்கிறார்கள்!

2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட புதிய போப், பதினான்காம் லியோ என்ற பெயரை ஏற்றார். பதின்மூன்றாம் லியோ முதல் தொழிற்புரட்சியின் காலத்தில் பேசினார். இப்போது செயற்கை நுண்ணறிவு மற்றொரு தொழிற்புரட்சியைக் கொண்டுவந்துள்ளது என்று அதற்குக் காரணமும் கூறினார். அப்புரட்சியின் முகம் நம் தெருவிலேயே தெரிகிறது. மழையில் நனைந்தபடி உணவுப் பொட்டலம் கொண்டுவரும் இளைஞருக்கு 'பார்ட்னர்' என்று மரியாதையான பெயர். ஆனால் லாபத்தில் அவருக்குப் பங்கு உண்டா? கூலியை மாற்றும்போது அவரை யாராவது கேட்டார்களா? திரையில் 'சம்மதம்' என்ற பொத்தானை அவர் அழுத்தினார் என்பதுதான் எல்லாக் கேள்விக்கும் பதில்.

தொலைவில் போவானேன்? அரசுக் கல்லூரிகளில் நிரந்தரப் பேராசிரியர் நடத்தும் அதே பாடத்தை, அதே பாடத்திட்டத்தின்படி, கௌரவ விரிவுரையாளர்கள் தொகுப்பூதியத்தில் நடத்துகிறார்கள். கல்வித் தகுதியில் குறையில்லை, கற்பிப்பதிலும் குறையில்லை. ஊதியத்தில் மட்டும் பெரும் இடைவெளி. 'தெரிந்துதானே கையெழுத்திட்டார்கள்?' என்ற பழைய விடை இங்கும் ஒலிக்கிறது. இதைப் பேச மாணவனுக்கு உரிமை உண்டா எனலாம். அவர்கள் உழைப்பின் பயனை நாள்தோறும் பெறுகிறவர்கள் நாங்கள். எங்களைவிட உரிமை உடையவர் யார்?

மாணவ நண்பர்களே! நம்மில் பெரும்பாலோர் கூலி வாங்கும் வீடுகளிலிருந்து வந்திருக்கிறோம். பட்டம் பெற்ற பின் நம்மில் பலர் அலுவலராகவும், வணிகராகவும், வீட்டு வேலைக்கு ஒருவரை அமர்த்துபவராகவும் கூலி கொடுக்கும் பக்கம் போய் நிற்போம். அப்போது, "அவர் சம்மதித்தாரா?" என்று கேட்பதோடு நிறுத்திக்கொள்ளாமல், "அவரால் மறுக்க முடிந்திருக்குமா?" என்றும் கேட்டுப் பார்ப்போம். முடிந்திருக்காது என்று நெஞ்சு சொன்னால், பேசிய கூலியை நாமே உயர்த்திக் கொடுப்போம்.