மஞ்சள் விளக்கும் மறைந்த ஓட்டையும்

அமெரிக்காவில் 1996 முதல் விற்கப்படும் கார்கள் பலவற்றின் கணினி, பெற்றோல் ஆவி கசிகிறதா என்றும் கண்காணிக்கிறது. 2000க்குப் பின் வந்த பலவற்றில் அரை மில்லிமீற்றர் துளையே எஞ்சின் எச்சரிக்கை விளக்கை எரியவைக்கப் போதுமானது.

பி0455 பெருங்கசிவு, பி0442 சிறுகசிவு. குறியீடு கசிவின் அளவைச் சொல்லுமேயன்றி இடத்தைச் சொல்லாது. அதை மட்டும் நம்பிக் கரிக்கலத்தையும் வால்வையும் ஒவ்வொன்றாக மாற்றிப் பணம் வாங்குவதை வைத்தியமென்று நான் ஏற்கமாட்டேன், அது வியாபாரம்.

முதலில் பெற்றோல் மூடியின் றப்பர் வளையத்தைப் பாருங்கள். வெடிப்பில்லையெனில் மூடியை இறுக்கிச் சில நாட்கள் ஓடுங்கள். விளக்கு அணையாவிடின் புகைச் சோதனை கேளுங்கள். குழாய்களுக்குள் செலுத்தும் புகை எங்கே வெளிவருகிறதோ அங்கேதான் ஓட்டை. அதைக் கண்ணால் காணும்வரை எந்தப் பாகத்துக்கும் பணம் கொடாதீர்கள் என்பேன்.