எங்கள் பிள்ளைகளின் நாக்குக்கு யார் காவல்?

நம் பிள்ளைகள் எந்த மொழியில் படிக்க வேண்டும் என்பது பற்றிப் பேசாதவர்கள் இந்த நாட்டில் யாரும் பாக்கியில்லை. பேராசிரியர் பேசிவிட்டார். பட்டிமன்ற நடுவர் பேசிவிட்டார். தாய்மொழி நாளன்று மாலை போட்டுப் படம் எடுத்துக்கொள்ளும் பிரமுகரும் பேசிவிட்டார். யாரும் கேட்காமல் விட்டது அந்தப் பிள்ளையின் அம்மாவையும் அப்பாவையும்தான். அண்டி ஆபீசில் கொட்டை உடைத்து, எண்ணெய் பட்டுக் கை கறுத்துப்போன ஒரு அம்மா, வாரக் கூலியில் பாதியைப் பள்ளி வேனுக்கும் பீசுக்கும் கட்டுகிறாள். அவளைப் பார்த்து "ஆங்கில மோகம்" என்கிறார்கள். மோகமாம்! விடியற்காலை பால்வெட்டப் போகிற ஆளுக்கு மோகம் கொள்ள நேரம் எங்கே இருக்கிறது?

தமிழ்வழிக் கல்வியை வலியுறுத்தி மேடை ஏறுகிறவர்களிடம் நான் ஒரே ஒரு கேள்விதான் கேட்பது வழக்கம். உங்கள் பிள்ளை, பேரப்பிள்ளை எந்தப் பள்ளியில் படிக்கிறது? இதைக் கேட்டால் கோபம் வருகிறது. "தனிப்பட்ட விஷயம்" என்கிறார்கள். அவர்கள் வீட்டுப் பிள்ளையின் படிப்பு தனிப்பட்ட விஷயம், எங்கள் வீட்டுப் பிள்ளையின் படிப்பு மட்டும் இனத்தின் விஷயம். தமிழைக் காப்பாற்றும் வேலையும் கடைசியில் நம் தலையில்தான். சாக்கடை அள்ளுவது, பிணம் புதைப்பது, செத்த மாடு தூக்குவது எல்லாம் போக இதுவும் ஒரு ஊழியம்.

டெல்லிக்காரர்களையும் விட்டுவிடக் கூடாது. 2020-இன் தேசியக் கல்விக் கொள்கை, முடிந்த இடத்திலெல்லாம் ஐந்தாம் வகுப்பு வரையாவது வீட்டுமொழியில் கற்பிக்க வேண்டும் என்கிறது. அதே ஒன்றிய அரசு தன் ஊழியர்களின் பிள்ளைகளுக்காக நடத்தும் கேந்திரிய வித்யாலயாக்களில் பயிற்றுமொழி இந்தியும் ஆங்கிலமும். வீட்டுமொழி ஊருக்கு, ஆங்கிலம் அதிகாரி வீட்டுக்கு.

நாஞ்சில் நாட்டில் இந்தக் கதை எங்கே தொடங்குகிறது என்று இளைய தோழர்கள் தெரிந்துகொள்ள வேண்டும். மயிலாடியில் சாம்பவர் குடும்பத்தில் பிறந்த மகாராசன், தஞ்சாவூர்ப் பக்கம் போனபோது கிறித்தவத்தை அறிந்து, வேதமாணிக்கம் ஆகித் திரும்பினார். லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்தது இவர் போட்ட அழைப்பால். 1809-இல் மயிலாடியில் ஆலயம் எழுந்தது, பள்ளியும் கூடவே வந்தது. 1816-இல் ரிங்கல்தௌபே ஊரைவிட்டுப் போனபோது பொறுப்பை ஒப்படைத்தது வேதமாணிக்கத்திடம்தான். மயிலாடியில் தொடங்கிய அந்த வேலையின் தொடர்ச்சிதான் இன்றைக்கு நாகர்கோவிலில் நிற்கும் ஸ்காட் கிறித்தவக் கல்லூரி. தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதல் மாவட்டம், 2011 கணக்கெடுப்பில் 91 விழுக்காட்டுக்கு மேல் என்று பெருமை பேசும்போது வெள்ளைக்காரப் பாதிரிகளின் பெயர் வரிசையாக வரும். பாதிரியைக் கூட்டிவந்த சாம்பவரின் பெயர் அடிக்குறிப்பில் கிடக்கும். (அவர் வழியில் மதம் மாறியவர்களின் வாரிசுகளை 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதிக் கணக்கில் சேர்ப்பதில்லை. "குமரியில் தலித்துகள் சுமார் 4 விழுக்காடுதானே" என்று சொல்பவர்களிடம் இதையும் சொல்லுங்கள்.)

வடக்கே கொஞ்ச தூரத்தில் வெங்ஙானூர். அய்யன்காளிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. புலையர் பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க மறுத்தபோது, "எங்கள் பிள்ளை பள்ளிக்கூடம் ஏறாவிட்டால் உங்கள் வயலில் புல்தான் முளைக்கும்" என்ற அர்த்தத்தில் வேலைநிறுத்தம் செய்தவர் அவர். கூலி கூட்டிக் கேட்டு நடந்த போராட்டங்களை நாம் நிறையப் படித்திருக்கிறோம். பள்ளிக்கூடம் கேட்டு விவசாயக் கூலிகள் வேலையை நிறுத்தியது உலகத்தில் எத்தனை இடத்தில் நடந்திருக்கும்? ஊரூட்டம்பலத்தில் பஞ்சமி என்ற சிறுமியைக் கைபிடித்து அழைத்துப்போய் வகுப்பில் உட்கார வைத்தார். சாதி இந்துக்கள் பள்ளியையே கொளுத்தினார்கள். நம் பிள்ளை உட்கார்ந்த பெஞ்சு இருப்பதைவிடப் பள்ளிக்கூடமே சாம்பலாகட்டும் என்றார்கள். 1937-இல் காந்தி வந்தபோது அய்யன்காளி தெரிவித்த ஆசை, தன் சமூகத்தில் பத்து பி.ஏ. பட்டதாரிகளைப் பார்க்க வேண்டும் என்பது. அன்றைக்கு பி.ஏ. என்றால் ஆங்கிலம். எழுத்தே தெரியாத அந்த மனிதருக்கு அதிகாரம் எந்த மொழியில் பேசுகிறது என்பது நன்றாகத் தெரியும்.

1956 நவம்பர் 1-இல் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு தாலுகாக்கள் தமிழ்நாட்டுக்கு வந்தன. மொழிக்காக நடந்த போராட்டம் அது. 1954 ஆகஸ்ட் 11-இல் மார்த்தாண்டத்திலும் புதுக்கடையிலும் நடந்த துப்பாக்கிச் சூட்டில் செத்தவர்களுக்கு ஆண்டுதோறும் அஞ்சலி செலுத்துகிறோம், செலுத்தத்தான் வேண்டும். ஆனால் மாநிலம் மாறியதோடு ஊரும் காலனியும் ஒன்றாகிவிடவில்லை.

சரி, "வீட்டுமொழி" என்கிறார்களே, யார் வீட்டு மொழி? விளவங்கோட்டுப் பக்கம் ஒரு பிள்ளை தாகத்துக்கு "வெள்ளம்" கேட்கும். பாடப்புத்தகத்தில் வெள்ளம் வந்தால் ஊர் மூழ்கும். "தண்ணீர்னு சொல்லு, ஒழுங்கா தமிழ் பேசு" என்று முதல் வகுப்பிலேயே அதட்டல் விழுகிறது. மரச்சீனி, சக்கை, கொல்லாமரம் என்று பேசும் பிள்ளைக்கு வீட்டில் இருப்பது தமிழே இல்லை என்று முதல் மாதத்திலேயே புரியவைத்துவிடுகிறார்கள். இதில் காலனிப் பிள்ளைக்கு இரட்டை அடி. அவன் பேச்சில் வட்டாரமும் இருக்கிறது, சாதியும் இருக்கிறது. "எந்தத் தெரு?" என்று கேட்காமலே தெரு தெரிந்துவிடும். பேச்சிப்பாறைக்கு மேலே காணிக்காரர் குடிகளில் பேசுவது மலம்பாஷை. அந்தப் பிள்ளைக்குப் பாடப்புத்தகத் தமிழும் பிறமொழிதான். எல்லையோரத்தில் மலையாளம் வீட்டுமொழியாக உள்ள பிள்ளைகள் இருக்கிறார்கள். தமிழ்நாடு முழுக்க எடுத்தால் தூய்மைப் பணியில் தள்ளப்பட்ட அருந்ததியர் குடும்பங்கள் பலவற்றில் தெலுங்கு. மொழிச் சிறுபான்மைப் பிள்ளைகளுக்குத் தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் தர வசதி செய்ய வேண்டும் என்று அரசமைப்பின் 350ஏ பிரிவு சொல்கிறது. காணிப் பிள்ளைக்கு அது எந்த வகுப்பறையில் கிடைக்கிறது? தாய்மொழி மேடைகளில் இந்தப் பிள்ளைகளின் தாய்க்கு மொழி கிடையாது.

தாய்மொழிக் கல்வி என்ற பெயரிலேயே ஒரு சமூகத்தை அடைத்துப் போட முடியும் என்பதற்குத் தென்னாப்பிரிக்கா சாட்சி. 1953-இன் பாண்டு கல்விச் சட்டம் கறுப்பினப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிவழியை வலிந்து நீட்டியது. நோக்கம் கல்வி அல்ல. வெள்ளையர் வீட்டுக்கும் சுரங்கத்துக்கும் வேலையாள் தயார் செய்வது. மேல்வகுப்பில் ஆப்பிரிக்கான்ஸ் மொழியைத் திணித்தபோது 1976 ஜூன் 16-இல் சொவெட்டோ மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், சுடப்பட்டார்கள். நம் பெற்றோர் தமிழ்வழி என்றதும் சந்தேகப்படுகிறார்களே, அந்தச் சந்தேகத்துக்கு வரலாறு உண்டு. குலக்கல்வி பார்த்த நாடு இது.

இதுவரை படித்துத் தலையாட்டிய தோழர்கள் இனி கொஞ்சம் முகம் சுளிக்கலாம். நம் பக்கமும் ஒரு பொய் ஓடுகிறது. ஆங்கிலவழி என்று போர்டு மாட்டினால் ஆங்கிலம் வந்துவிடும் என்ற பொய்.

உத்தரப் பிரதேசத்தில் பாங்கா கிராமத்தில் ஆங்கிலத் தேவிக்குக் கோயில் கட்ட 2010-இல் சந்திரபான் பிரசாத் முன்முயற்சி எடுத்தார். சாதியவாதிகளைச் சீண்ட அது நல்ல யோசனை, நானும் ரசித்தேன். ஆனால் தேவி வரம் கொடுத்து யாரும் இலக்கணம் கற்றதில்லை. ஆசிரியர்தான் கற்றுக்கொடுக்க வேண்டும்.

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் 2012-13 முதல் ஆங்கிலவழிப் பிரிவுகள் தொடங்கின. பல தொடக்கப் பள்ளிகளில் ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர். தமிழ்வழிப் பிள்ளையும் ஆங்கிலவழிப் பிள்ளையும் ஒரே அறையில், ஒரே ஆசிரியரிடம், வேறு வேறு புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பார்கள். ஆசிரியர் தமிழில் விளக்குவார், ஆங்கிலத்தில் எழுதிப் போடுவார், பிள்ளை பார்த்து எழுதும். மலிவான தனியார் பள்ளியிலும் இதுதான், அங்கே கூடுதலாக டை உண்டு. எங்கள் மாலை வகுப்புக்கு வந்த ஒரு பத்தாம் வகுப்புப் பையன் ஃபோட்டோசிந்தசிஸ் என்றால் என்ன என்று மூச்சுவிடாமல் ஒப்பித்தான். "சரி மக்கா, வெயில் படாத செடி ஏன் வெளுத்துப் போகுது?" என்றேன். பேசாமல் நின்றான். தெரியாமல் இல்லை, வீட்டு முற்றத்தில் பார்த்திருக்கிறான். அதற்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு என்று பத்து வருடத்தில் யாரும் அவனுக்குச் சொல்லவில்லை. அவனுக்கு ஆங்கிலமும் வரவில்லை, அறிவியலும் வரவில்லை.

இன்னொரு இழப்பும் இருக்கிறது. அதைப் பெற்றோருக்கு யாரும் சேர்க்கையின்போது சொல்வதில்லை. 2010-இன் சட்டப்படி தமிழ்வழியில் படித்தவர்களுக்கு மாநில அரசு வேலைகளில் 20 விழுக்காடு முன்னுரிமை உண்டு. 2020-இன் திருத்தத்துக்குப் பிறகு பட்டப்படிப்பை மட்டும் தமிழில் படித்தால் போதாது, பள்ளியிலிருந்தே தமிழ்வழி வேண்டும். ஆங்கிலவழிப் பிரிவில் பெயர் போட்டு, உள்ளே தமிழிலேயே கேட்டுப் படித்த நம் பிள்ளைக்கு இந்த முன்னுரிமையும் போயிற்று, கார்ப்பரேட் நேர்காணலும் போயிற்று. மறுபக்கம், நேர்மையாகத் தமிழ்வழியில் படித்த பிள்ளை நீட்டில் அடிவாங்கியது. நீட் வந்தபின் மருத்துவ இடங்களில் தமிழ்வழி மாணவர் பங்கு சரிந்ததை நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021-இல் எடுத்துக் காட்டியது. இரண்டு வாசலிலும் காவல் நிற்கிறது, நம் பெற்றோரிடம் போய் "எந்த வாசல் வேண்டும், சுதந்திரமாகத் தேர்ந்தெடு" என்கிறார்கள்.

2014 மே மாதம் உச்ச நீதிமன்றம், கர்நாடக அரசின் வழக்கில், தொடக்கப் பள்ளியின் பயிற்றுமொழியைத் தேர்ந்தெடுக்கும் உரிமை பெற்றோருக்குத்தான் என்று தீர்ப்பளித்தது. உரிமையை நானும் ஏற்கிறேன். அரசு அதை நம்மிடமிருந்து பிடுங்கக் கூடாது. ஆனால் காசுள்ளவனுக்கு அது உரிமை, காசில்லாதவனுக்கு அது காகிதம்.

அப்படியானால் நம் நிலைப்பாடு என்ன? நைஜீரியாவில் இபே என்ற ஊரில் 1970-இல் பாப்ஸ் ஃபஃபுன்வா ஒரு திட்டம் நடத்தினார். ஆறு ஆண்டுத் தொடக்கக் கல்வி முழுவதும் யொருபா மொழியில். ஆங்கிலம் முதலிலிருந்தே ஒரு பாடமாக, அதற்கென்றே பயிற்சி பெற்ற தனி ஆசிரியரிடம். வழக்கமான ஆங்கிலவழியில் போன பிள்ளைகளைவிட இவர்கள் மற்றப் பாடங்களில் மேலே இருந்தார்கள், ஆங்கிலத்திலும் பின்தங்கவில்லை. தமிழ்வழி மேடைகளில் இதன் முன்பாதியை மட்டும் சொல்கிறார்கள். "தனி ஆங்கில ஆசிரியர்" என்ற பின்பாதியை விழுங்கிவிடுகிறார்கள், அதற்குப் பணம் செலவாகும் என்பதால். என் நிலைப்பாடு அந்தப் பின்பாதியில் இருக்கிறது. பிள்ளைக்குப் புரியும் மொழியில் கணக்கும் அறிவியலும் தொடங்கட்டும், அவன் வீட்டுச் சொல்லைக் கேலி செய்யாத ஆசிரியரிடம். அதே பள்ளியில் முதல் வகுப்பிலிருந்தே நல்ல ஆங்கிலம் கிடைக்கட்டும், மேல்வகுப்பில் எந்த வழிக்கும் தாண்டிப்போகும் அளவுக்கு. ஆங்கில ஆசிரியரைத் தராமல் தமிழ்வழியை மட்டும் போதிப்பவர் நமக்கு எதிரி. கல்வி தராமல் ஆங்கிலவழி போர்டு விற்பவரும் எதிரிதான்.

நம் முன்னோர் இதில் குழம்பவில்லை. இரட்டைமலை சீனிவாசன் 1893-இல் "பறையன்" இதழைத் தமிழில் நடத்தினார், 1930-இல் லண்டன் வட்டமேசையில் அம்பேத்கரோடு உட்கார்ந்தார். அம்பேத்கர் 1920-இல் தொடங்கிய "மூக்நாயக்" மராத்தியில் வந்தது, அவருடைய பெரிய நூல்கள் ஆங்கிலத்தில் வந்தன. அயோத்திதாசர் தமிழைக் கொண்டே சாதித் தமிழைப் பிளந்தார். தன் மக்களோடு பேச ஒன்று, ஆட்சியாளன் சட்டையைப் பிடிக்க ஒன்று. இரண்டில் ஒன்றை விடு என்று அவர்களிடம் சொல்ல யாருக்கும் தைரியம் வந்திருக்காது.

வேலைக்கு வருவோம். கல்வி உரிமைச் சட்டப்படி அரசுப் பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசிப் பேர் பெற்றோராக இருக்க வேண்டும், நலிந்த பிரிவுக்கு உரிய இடம் தர வேண்டும். உங்கள் காலனிப் பிள்ளைகள் படிக்கும் பள்ளியில் அந்தக் குழுவில் நம்மவர் யார் என்று முதலில் விசாரியுங்கள். பெரும்பாலும் கையெழுத்து வாங்க மட்டும் ஒரு அக்காவைக் கூப்பிட்டிருப்பார்கள். அடுத்த கூட்டத்துக்கு அந்த அக்காவோடு நீங்களும் போங்கள். ஆங்கிலவழிப் பிரிவுக்கு எத்தனை ஆசிரியர் தனியாக இருக்கிறார்கள், தமிழ்வழிப் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் யார் எடுக்கிறார், வாரத்துக்கு எத்தனை வகுப்பு, 20 விழுக்காடு முன்னுரிமை பற்றிப் பெற்றோருக்குச் சொன்னீர்களா என்று கேட்டு, பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுத வையுங்கள். பதில் இல்லை என்றால் "பதில் இல்லை" என்றே எழுதச் சொல்லுங்கள். நகல் வாங்கி வையுங்கள், தகவல் உரிமை மனுவுக்கு உதவும். மனு எழுத ஆள் வேண்டும் என்றால் ஞாயிற்றுக்கிழமை மாலை வகுப்பு நேரத்தில் வாருங்கள், உட்கார்ந்து எழுதலாம்.

ஜெய்பீம்.