அந்தக் கட்டம் காலியாக இருக்கக் கூடாது

பதினாறு வருஷமாக ஒரு கருத்தரிப்பு மையத்தின் லேபில் விந்துப் பரிசோதனை செய்கிறேன். போன மாதம் வந்த தம்பதிக்குக் கல்யாணமாகி ஒன்பது வருஷம். அந்தப் பெண்ணின் துணிப்பையில் ஸ்கேன், ஹார்மோன், கருக்குழாய் எக்ஸ்ரே, லேப்ராஸ்கோப்பி என்று இரண்டு தடி ஃபைல்கள். விந்தணுவைக் கருப்பைக்குள் நேரடியாகச் செலுத்தும் ஐயுஐ மட்டும் ஆறு தடவை செய்திருக்கிறார்கள். கணவருக்கு இருந்தது ஒரே ஒரு தாள். அதில் எண்ணிக்கை இருந்தது, 'நார்மல்' என்று இருந்தது. 'வடிவம்' என்ற கட்டத்தில் வெறும் கோடு.

ஸ்லைடில் சாயமேற்றி, எண்ணெய் விட்டுப் பார்த்தேன். நல்ல விந்தணுவின் தலை முட்டை வடிவில் இருக்கும். முன்பக்கம் வெளிறிய தொப்பி ஒன்று கவிந்திருக்கும். அக்ரோசோம் என்போம். கருமுட்டையின் உறையைத் துளைக்க அதுதான் வேண்டும். இவருக்கு அத்தனை தலையும் கடுகு மாதிரி உருண்டை. தொப்பி ஒன்றில்கூட இல்லை. இதை வைத்துக்கொண்டு ஆறு என்ன, அறுபது ஐயுஐ செய்தாலும் கரு நிற்காது.

விந்தணு உருவாகும்போது, உட்கருவைச் சுற்றிய சவ்வில் இருக்கும் டிபிஒய்19எல்2 என்ற புரதம்தான் தொப்பியை உட்கருவோடு பிடித்து வைக்கிறது. அது இல்லாவிட்டால் தொப்பி கழன்றுவிடும், தலையும் நீளாது. இந்தக் குறை உள்ள பலருக்கு 12ஆம் குரோமோசோமில் அந்தப் புரதத்துக்கான மரபணுவே விடுபட்டிருப்பதை 2011இல் பிரான்ஸ் ஆய்வாளர்கள் கண்டுபிடித்தார்கள். தாய், தந்தை இருவர் வழியிலும் வந்தால்தான் குறை வெளிப்படும். இவருடைய அப்பா கட்டியது சொந்த மாமன் மகளை. ஆள் திடகாத்திரம், வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது.

அதே சவ்வில் உள்ள சன்5 என்ற புரதம் கெட்டால் கதை வேறு. தலை தனியாகப் பிரிந்து, வால் மட்டும் நீந்தும். அவர்களுக்கு, விந்தணுவை ஊசியால் முட்டைக்குள்ளேயே செலுத்தும் இக்ஸி பெரும்பாலும் கைகொடுக்கும். உருண்டைத் தலைக்கு இக்ஸி மட்டும் போதாது. முட்டையைத் தூண்டிவிடக் கால்சியம் மருந்தும் பலருக்குத் தேவைப்படும். எது கெட்டது என்று தெரியாமல் வைத்தியம் செய்தால் பணமும் போகும், பெண்ணின் உடம்பும் போகும்.

டாக்டர் விளக்கி முடித்ததும் அந்தப் பெண் கேட்டது ஒன்றுதான்: "அப்போ என்கிட்ட ஒண்ணும் இல்லியா மேடம்?"

குழந்தைக்காக ஆஸ்பத்திரிக்குப் போகும் தம்பதிகளே, முதல் வாரத்திலேயே கணவருக்கும் பரிசோதனை செய்யுங்கள். ரிப்போர்ட்டில் 'வடிவம்' கட்டம் காலியாக இருந்தால் வாங்காதீர்கள், திருப்பிக் கொடுங்கள்.