தேர்வுத்தாளுக்கு அப்பால் வேதப் பாடம்



மறைக்கல்வி வகுப்பென்றாலே மனப்பாட வசனமும் வருடக் கடைசித் தேர்வும் என்றாகிவிட்டது. வருத்தமாக இருக்கிறது. நெல்லைக் குழந்தைகளுக்கு அந்த வகுப்பிலேயே தமிழும் வரலாறும் சேர்ந்து கிடைக்க வழியிருக்கிறது.

ஞாயிறு வகுப்பில் கெட்ட குமாரன் உவமையை வாசித்துவிட்டு, தகப்பன் பேசுவதை மட்டும் நம்மூர் வழக்கில் எழுதச் சொன்னேன். ஏழாம் வகுப்புப் பையன் ஒருவன், “வந்துட்டியால? மொதல்ல சாப்பிடு, பொறவு பேசலாம்” என்று எழுதியிருந்தான். மன்னிப்பைப் பற்றி நான் அரைமணி நேரம் பேசியது அந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது.

அடுத்த வாரம் மொழிபெயர்ப்புக்குப் போனோம். மிஷனரி சீகன்பால்கு தரங்கம்பாடியில் அச்சிட்ட தமிழ்ப் புதிய ஏற்பாடு 1715-இல் முழுமையானது. பிறகு நம் பாளையங்கோட்டையிலேயே இருந்து மிஷனரி ரேனியஸ் புதிய ஏற்பாட்டின் தமிழ் மொழிபெயர்ப்பைத் திருத்தி எழுதினார். 1838-இல் இறந்த அவருடைய கல்லறை அடைக்கலபுரத்தில் இருக்கிறது, பிள்ளைகள் நடந்தே போய்ப் பார்க்கலாம். ஒரே வசனம் ஏன் இத்தனை முறை மாறியது என்று அவர்களே கேட்டார்கள். அந்தக் கேள்வி இலக்கண வகுப்பில் எழுந்து நான் பார்த்ததில்லை.

கரையிருப்பில் 1827-இல் வைணவக் குடும்பத்தில் பிறந்து, சாயர்புரத்தில் தமிழ் கற்பித்த எச்.ஏ. கிருஷ்ணபிள்ளையின் இரட்சணிய யாத்திரிகம் (1894) என்ற கிறித்தவக் காப்பியத்தை எத்தனை வகுப்புகளில் தொடுகிறோம்? கம்பனில் தோய்ந்த நடை அது. கம்பராமாயணப் பாடத்தோடு சேர்த்தே படிக்கலாம், எந்தச் சமயப் பிள்ளையும்.

மறைக்கல்விப் பாடத்திட்டம் வகுப்போர் ஆண்டுக்கு நான்கு வகுப்புகளையாவது இதற்கு ஒதுக்க வேண்டுகிறேன்.

– ஓய்வு பெற்ற தமிழாசிரியை,
பாளையங்கோட்டை