மெல்லியலாராம்! யார் சொன்னது?

"பெண் மெல்லியலாள்! கொடியிடையாள்! பூவினும் மெல்லியள்!" பாடிப் பாடிப் பழகிவிட்டோம். பாடிய வாய் மூடுமுன் அந்தப் பூவின் தலையிலே செங்கல்லை அடுக்கிவிட்டோம்! கட்டடம் எழும்பும் இடத்திலே நின்று பாருங்கள், தோழர்களே! சாரத்தின்மீது ஏறுகிறாளே சித்தாள், அவளைப் பார்த்து, "நீ மெல்லியலாள், இறக்கி வை அம்மா" என்று கூறியவர் உண்டா? 15 லிட்டர் குடத்துத் தண்ணீர் 15 கிலோ. இடுப்பிலே ஒன்று, தலையிலே ஒன்று. அப்போதெல்லாம் கெடாத பெண்மை, தன் உடலுக்காகத் தானே விரும்பி ஓர் இரும்புக் குண்டை அவள் தூக்கும்போது மட்டும் கெட்டுவிடுகிறதாம்!

கோயிலுக்குப் போகிறான் பக்தன். எட்டுக் கரங்களிலும் படைக்கலம் தாங்கிய தேவி, கன்னத்தில் போட்டுக்கொள்கிறான். வீடு திரும்புகிறான். இரு கரங்களால் மகள் கர்லாக்கட்டை சுழற்றுகிறாள், "ஐயோ, யார் கட்டுவான் இவளை?" என்று அலறுகிறான். கல்லுக்கு வலிமை வேண்டும், கன்னிக்கு வேண்டாம்!

இந்தப் பித்தம் நம் நாட்டுக்கு மட்டும் உரியதன்று. ஒலிம்பிக்கில் ஆடவர் பளு தூக்கத் தொடங்கியது 1896-இல். பெண்ணுக்கு அந்த மேடை கிடைத்தது 2000-இல், சிட்னியில். 104 ஆண்டுகள்! கதவு திறந்த அந்த முதல் ஆண்டிலேயே ஆந்திரத்துக் கர்ணம் மல்லேசுவரி, 69 கிலோ பிரிவில், இரு முறைகளிலுமாக 240 கிலோ தூக்கி வெண்கலம் வென்றார். ஒலிம்பிக் பதக்கம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவரே.

"ஆண்போல் ஆகிவிடுவாளே!" என்பார்கள். ஆகமாட்டாள். தசையைப் பருக்கச் செய்யும் டெஸ்டோஸ்டிரோன் பெண்ணுடலில் மிகக் குறைவு. ஆனால் எலும்பு, சுமை தாங்கத் தாங்க உறுதிப்படும். மாதவிடாய் நின்றபின் ஈஸ்ட்ரோஜன் குறைகிறது, எலும்பு மெலிகிறது. குளியலறையிலே வழுக்குகிறாள் பாட்டி, இடுப்பெலும்பு முறிகிறது. 'தலைவிதி' என்கிறது வீடு! விதியல்ல, அறியாமை. இரத்தத்துச் சர்க்கரையை ஈர்த்துச் செலவிடுவதும் தசையே. வாரத்தில் இரு நாட்களேனும் தசைக்கு வலுவூட்டும் பயிற்சி வேண்டும் என்று 2020-இல் உலகச் சுகாதார நிறுவனம் கூறியது, ஆணுக்கு மட்டுமன்று.

"சுமப்பவளுக்குப் பயிற்சி எதற்கு?" என்று கேட்பாரும் உளர். எடை படிப்படியாக ஏற வேண்டும். இடையிலே ஓய்வு வேண்டும். பின்னர்ப் பருப்பும் முட்டையும் வேண்டும். அதுவே பயிற்சி. சித்தாளுக்கு இம்மூன்றில் எது உண்டு?

நல்லெண்ணக்காரர் சிலர், "ஆமாம், வலிய தாய்க்கே வலிய பிள்ளை" என்று ஆதரவுக்கு வருவர். பண்டை ஸ்பார்ட்டாவும் சிறுமியர்க்கு ஓட்டமும் மற்போரும் கற்பித்தது, வீரரைப் பெற்றுத் தரட்டும் என்று! அந்த ஆதரவு நமக்கு வேண்டாம். பிள்ளை பெற்றாலும் பெறாவிட்டாலும் அவள் உடல் அவளுக்கு உரியது.

இளைஞர்களே, உங்கள் படிப்பகத்தை ஒட்டி உடற்பயிற்சிக் கூடம் இருக்கிறதே, அங்கே பெண்களுக்கு இடமுண்டா? வாரத்தில் மூன்று மாலைகளை அவர்களுக்கு ஒதுக்குங்கள். தண்டாலும் பஸ்கியும் முதலில், மணல் மூட்டை பிறகு, இரும்பு அதன்பின். அறிந்த பெண்ணொருத்தி கற்பிக்கட்டும். அந்த மாலைகளில் கூடத்தின் சாவி அவர்களிடமே இருக்கட்டும்.